எழுதிய நாளும் படியெடுத்த நாளும்

(காடாம்புலியூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாம் இன்று நினைவுகூரும் தமிழாசிரியர் ஐயா, பணி ஓய்வுக்குப் பிறகு கணினி பழகியவர். நெய்வேலியில் வேலை பார்த்த மகன் வாங்கிக் கொடுத்த கணினியில் தம் கட்டுரைகளைத் தாமே தட்டெழுதினார். அவர் மறைந்த பின், 2009ஆம் ஆண்டு, வீட்டார் ஒரு பிஸ்கட் டப்பாவை என்னிடம் கொடுத்தார்கள். உள்ளே 31 பிளாப்பிகள். நான் பண்ருட்டியில் டி.டி.பி. மையத்தில் பதினைந்து ஆண்டு வேலை பார்த்தவன். அதனால் என்னைத் தேடி வந்தார்கள். ஆறு மாதம் உழைத்தேன். திறக்கக்கூடியவற்றையெல்லாம் திறந்து, பழைய எழுத்துருவில் இருந்ததை யூனிகோடுக்கு மாற்றி, ஒரே குறுவட்டில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதற்காக இதே ஊரில் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். அந்த வேலையில் நான் என்ன தவறு செய்தேன் என்று சொல்லத்தான் இன்று இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

ஐயாவின் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்க உட்கார்ந்தபோதுதான் தவறு தெரியவந்தது. நம் ஊர்ப்பெயரைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்றில் இந்த வட்டாரத்துப் புலியூர்களை வரிசைப்படுத்துகிறார். சிதம்பரம், பெரும்பற்றப்புலியூர். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர், அங்கே பாதிரி மரம். ராஜேந்திரப்பட்டினம், எருக்கத்தம்புலியூர், அங்கே வெள்ளெருக்கு. காட்டுமன்னார்கோயில் பக்கம் ஓமாம்புலியூர். மரமும் செடியும் முன்னே நிற்கும் பெயர்களைக் காட்டிவிட்டு, காடாம்புலியூரின் முன்பகுதியில் மறைந்திருப்பது கடம்பு மரம்தான் என்று வாதிடுகிறார். படிக்கப் படிக்க நமக்கும் அந்த மரத்தடியில் நிற்பது போல இருக்கும். இன்னொரு வடிவத்தில் அந்த வாதமே கிடையாது. கல்வெட்டுச் சான்று கைக்கு வராமல் ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாக எழுதி, காடு, கடம்பு என்ற இரண்டு விளக்கங்களையும் ஒதுக்கி வைத்துவிடுகிறார்.

இவற்றில் எது முந்தியது? கடம்பு வாதம் பிந்தியது என்றால், தயங்கிக்கொண்டிருந்தவர் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார் என்று பொருள். கண்டிப்பான வடிவம் பிந்தியது என்றால், தமக்குப் பிடித்த ஒரு கருத்தைச் சான்றில்லை என்பதற்காகத் தாமே கைவிட்டார் என்று பொருள். முதலாமவர் ஓர் ஆய்வாளர். இரண்டாமவர் முற்றிலும் வேறோர் ஆய்வாளர். நம் ஐயா இருவரில் யார்? கோப்புகளின் தேதியைப் பார்த்தேன். இரண்டும் 2009 ஜூலை மாதம், ஒரே மாலை, பதினோரு நிமிட இடைவெளியில் சேமிக்கப்பட்டவை. அந்த மாலை ஐயா உயிரோடு இல்லை. அது நான் எழுத்துரு மாற்றிய மாலை.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். 1990களில் தமிழ்க் கணினிக்குப் பொதுவான குறியேற்றம் வழக்கத்தில் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துருக்கள்தாம் எங்கள் பிழைப்பு. பாமினி, ஸ்ரீலிபி, வானவில் என்று கடைக்குக் கடை வேறு. ஒரு கடையில் அடித்ததை அடுத்த கடையில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி டாம், டேப் என்று இரண்டு தரங்கள் வந்தன. உலகத் தமிழர்கள் இணையத்தில் டிஸ்கி என்ற இன்னொன்றை வைத்திருந்தார்கள். யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அது மெல்ல வீட்டுக் கணினிக்குள் நுழைந்தது. தமிழ்நாடு அரசு அதை ஏற்றது 2010இல்.

ஆகவே, தமிழில் கணினியைத் தொட்ட ஒவ்வொருவரும் ஒருநாள் தம் பழைய கோப்புகளை மாற்றியே தீரவேண்டியிருந்தது. பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் அந்த வேலையை எளிதாக்கின. அவற்றைச் செய்து கொடுத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நான் என்ன செய்தேன்? பிளாப்பியிலிருந்து கணினிக்கு எடுத்த கோப்பைத் திறந்தேன், எழுத்தை மாற்றினேன், அதே கோப்பில் ஒட்டினேன். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கணினி கேட்டது. ஆம் என்றேன். அந்த ஓர் ஆமில் ஐயா கடைசியாகக் கைவைத்த நாள் அழிந்து, நான் கைவைத்த நாள் உட்கார்ந்துகொண்டது. ஆங்கிலத்தில் எழுதியவர் 1995இல் அடித்த கடிதத்தை அப்படியே கிடக்கவிடலாம்; இன்றும் படிக்க முடியும். நாம் எழுத்தைக் காப்பாற்றுவதற்காகவே கோப்பைத் திருத்தவேண்டியிருந்தது. இந்த இழப்பு நம் மொழிக்காரர்களுக்குக் கூடுதலாக நேர்ந்த இழப்பு. இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

நம் முன்னோர் இதில் நம்மைவிடக் கவனமாக இருந்தார்கள். ஏடு பெயர்த்து எழுதியவர், முடித்ததும் கடைசி ஓலையில் ஆண்டு, மாதம், நாள் போட்டு, இன்னார் எழுதி நிறைந்தது என்று எழுதும் வழக்கம் இருந்தது. அது படியெடுத்த நாள். நூல் பாடப்பட்ட காலம் வேறு என்பது எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். பக்கத்தில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை, சில இடங்களில் மணி உட்பட ஒவ்வொரு பதிவின் தலையிலும் வைத்தார். 1846இல் கலுவா மோம்பிரான் அதைக் கண்டெடுத்துப் படியெடுக்க வைத்தார். அந்தப் படியைப் படிக்கும் எவரும் அதை 1846ஆம் ஆண்டு நாட்குறிப்பு என்று சொல்லமாட்டார்கள். எழுதிய நாள் எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. நூறு பேர் படியெடுத்தாலும் அது மாறாது.

நமக்கு இன்னும் அருகில், வடலூரில், ஒரு பெரிய சான்று இருக்கிறது. வள்ளலாரின் திருவருட்பா முதல் நான்கு திருமுறைகளாக 1867இல் வெளிவந்தது. ஐந்தாம் திருமுறை 1880இல், ஆறாம் திருமுறை 1885இல். திருமுறைகளாக வகுத்தவர் தொழுவூர் வேலாயுத முதலியார். அந்த வரிசை பாடிய கால வரிசை அன்று. 1972இல் ஊரன் அடிகள் பாடல்களைக் கால முறையில் அமைத்துப் பதிப்பித்தார். சென்னை, கருங்குழி, வடலூர், மேட்டுக்குப்பம் என்று வள்ளலார் வாழ்ந்த இடங்களோடு பாடல்களைச் சேர்த்துப் படிக்க அது வழி திறந்தது. இதனால் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 22-10-1873 அன்று மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றிச் செய்த பேருபதேசத்தில், சைவ சமயத்தில் தமக்கு முன்பிருந்த பற்றையும் அதை விட்டு மேலேறியதையும் வள்ளலாரே எடுத்துச் சொல்கிறார். முன்பு பாடியது எது, பின்பு பாடியது எது என்று தெரியாதவர், அவர் தாண்டி வந்த படியையே அவர் நின்ற இடம் என்று நினைத்துவிடுவார். எழுதியவரின் மனம் நடந்த வழியைக் காட்டுவது தேதி. அந்த வழியைத்தான் ஐயாவின் கட்டுரையில் நான் அழித்தேன்.

தேதி கிடைத்தால் மட்டும் போதுமா? தமிழ் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளலார் மறைந்தது ஸ்ரீமுக ஆண்டு தை 19. அறுபது ஆண்டுக்கொரு முறை ஸ்ரீமுகம் திரும்பி வரும். 30-1-1874 என்ற ஆங்கிலத் தேதியும் உடன் இருப்பதால் குழப்பம் இல்லை. கல்வெட்டில் அரசனின் ஆட்சியாண்டு மட்டும் இருந்தால் திண்டாட்டம். கிழமையும் நட்சத்திரமும் திதியும் இருந்தால் கணித்துவிடலாம். அதற்காகவே எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை பல நூற்றாண்டுகளுக்கான பஞ்சாங்கக் கணக்கைப் போட்டு வைத்துவிட்டுப் போனார். ஒரு தேதியை இன்னொரு தேதி தாங்கவேண்டும் என்பது அவர் வேலையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்.

கணினிக் கோப்பிலும் தேதி ஓர் இடத்தில் இல்லை. வட்டு வைத்திருக்கும் தேதி ஒன்று. வேர்ட் போன்ற மென்பொருள் கோப்பின் வயிற்றுக்குள் எழுதி வைக்கும் தேதி இன்னொன்று: உருவாக்கிய நாள், கடைசியாகச் சேமித்த நாள், அச்சிட்ட நாள், எத்தனை முறை சேமித்தது, எத்தனை நிமிடம் திருத்தியது என்பது வரை அதில் இருக்கும். மூன்றாவது, எழுதியவர் தாளின் தலையில் தாமே அடித்த தேதி. மூன்றும் ஒத்துப்போனால் நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால், ஏன் என்று கேட்கவேண்டும்.

விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்து வட்டுக் கணக்கு கோப்புக்கு ஒரே ஒரு தேதியைத்தான் வைத்திருந்தது: கடைசியாக மாற்றிய நாள். உருவாக்கிய நாளுக்கு இடம் வந்தது விண்டோஸ் 95 காலத்தில். அந்தக் கணக்கு 1-1-1980இல் தொடங்குகிறது. அதற்கு முந்திய நாளை அதில் எழுத இடமே இல்லை. எங்கள் மையத்தில் காலையில் கணினியைப் போட்டதும் இன்றைய தேதி 1-1-1980, செவ்வாய்க்கிழமை, சரியான தேதியைக் கொடு என்று கேட்கும். உள்ளே இருக்கும் சிறிய பேட்டரி செத்துப்போனதன் அடையாளம் அது. வாசலில் கல்யாணப் பத்திரிகைக்காரர் நிற்பார். நாங்கள் இரண்டு முறை என்டரைத் தட்டிவிட்டு வேலையைத் தொடங்குவோம். பண்ருட்டி வட்டாரத்தில் எத்தனை பத்திரிகைகள், மனுக்கள், கவிதைத் தொகுப்புகள் அந்தச் செவ்வாய்க்கிழமையில் பிறந்தனவாகப் பதிவாகியிருக்கின்றன என்று நினைத்தால் மனம் வேதனைப்படுகிறது. அப்போது அரை நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.

தேதி சரியாக இருந்தாலும் படிப்பதில் ஒரு பொறி உண்டு. டாஸ் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னே போடும். 04-05-96 என்று திரையில் இருந்தால் நமக்கு மே 4. அதற்கு ஏப்ரல் 5. 12க்கு மேற்பட்ட எண் ஏதாவது கோப்புப் பட்டியலில் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தீர்மானிக்கவேண்டும்.

விண்டோஸில் ஒரு கோப்பைப் படியெடுத்தால், உருவாக்கிய நாளாகப் படியெடுத்த நாள் விழும். மாற்றிய நாள் பழையபடியே இருக்கும். அதனால் பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட கோப்புகளைப் பார்ப்பீர்கள். பயப்படவேண்டாம். அங்கே பழைய தேதிதான் உங்கள் சொத்து. அது போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் உறுத்தும் நிகழ்ச்சி வேறு. 2001இல் ஒரு விவசாயி, நிலம் தொடர்பாக ஓர் அலுவலகத்துக்கு மனு அடித்துப் போனார். மூன்று ஆண்டு கழித்து வந்து, அந்த மனுவின் நகல் வேண்டும், எப்போது கொடுத்தேன் என்று காட்டவேண்டும் என்றார். கோப்பைத் திறந்தோம். மனுவின் தலையில் அன்றைய தேதி, 2004ஆம் ஆண்டுத் தேதி, பளிச்சென்று நின்றது. தேதியைக் கையால் அடிக்காமல், தானாக மாறும் தேதியை நான் செருகியிருந்தேன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அச்சிடும்போதும் அது அன்றைய நாளைக் காட்டும். அவர் என்னைச் சந்தேகத்தோடு பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. மனுவின் சொற்கள் அனைத்தும் இருந்தன. அவருக்கு வேண்டியிருந்தது தேதி ஒன்றுதான்.

இன்று வேர்டில் கடிதம் எழுதுகிறவர்கள் தேதியைச் செருகும்போது, தானாகப் புதுப்பி என்ற கட்டத்தில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். பழைய கோப்பில் அப்படி ஒரு தேதி இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஆல்ட்டோடு எஃப்9ஐ அழுத்துங்கள். தேதிக்குப் பதில் ஒரு குறியீடு தெரிந்தால் அந்தத் தேதியை நம்பாதீர்கள்.

இப்போது ஐயாவின் கட்டுரைக்குத் திரும்புகிறேன். கோப்பின் தேதி போய்விட்டது. வேறு சாட்சி உண்டா?

2017இல் பாகிஸ்தானில் நடந்ததைப் பலர் படித்திருப்பீர்கள். அன்றைய பிரதமர் நவாஸ் ஷெரீப்பின் குடும்பம் தாக்கல் செய்த ஓர் ஆவணத்தில் 2006 பிப்ரவரி என்று தேதி இருந்தது. அதன் எழுத்துரு கலிப்ரி. கலிப்ரி பொதுமக்கள் கைக்கு வந்தது 2007 ஜனவரி இறுதியில். முன்னோட்டப் பதிப்புகளில் அது முன்பே கிடைத்ததே என்று எதிர்வாதமும் எழுந்தது. ஆனாலும் ஒரு நாட்டின் விசாரணைக் குழு எழுத்துருவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது.

எனக்கு அது பொறி தட்டியது போல இருந்தது. நான் யூனிகோடாக மாற்றியபோது எழுத்துருவும் அழிந்தது. ஆனால் பிளாப்பிகளை வீட்டார் தூக்கி எறியவில்லை. போன ஆண்டு அந்த டப்பாவை மறுபடி வாங்கி, ஒவ்வொரு பிளாப்பியின் மூலையிலும் இருக்கும் சிறிய தாழைத் தள்ளி ஓட்டையைத் திறந்துவிட்டேன். அப்படிச் செய்தால் கணினியால் அதில் எதையும் எழுத முடியாது. 2009இல் இதைக்கூட நான் செய்யவில்லை. 31இல் ஒன்பதை மட்டும் படிக்க முடிந்தது. மற்றவற்றில் பூஞ்சணம்.

அந்த ஒன்பதில் கடம்பு வடிவம் இருந்தது. ஆவலோடு தேதியைப் பார்த்தேன். 1-1-1980. கோப்பின் உள்ளேயும் அதே. ஐயாவின் மகனைக் கேட்டேன். ஆமாம், அந்தக் கணினி ஒவ்வொரு நாளும் எஃப்1ஐ அழுத்து என்று கேட்கும், அப்பா அழுத்திவிட்டு எழுத உட்காருவார் என்றார். ஆனால் எழுத்துரு பேசியது. அது டேப் வகை. ஆகவே கடம்பு வடிவத்தை ஐயா கடைசியாகச் சேமித்தது 1999க்கு முன்பு இருக்க முடியாது. முதலில் எழுதியது எப்போது என்பது வேறு கேள்வி. பாமினியில் அடித்ததைப் பிறகு அவரே மாற்றியிருக்கலாம். கண்டிப்பான வடிவம் இருந்த பிளாப்பி திறக்கவில்லை.

நெய்வேலியில் துளையிட்டு மண் மாதிரி எடுப்பதைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். நீண்ட பெட்டியில் வரிசையாக அடுக்கி, எத்தனை மீட்டர் ஆழம் என்று எழுதி வைப்பார்கள். பெட்டி கவிழ்ந்துவிட்டால் மண் எங்கும் போகாது. அத்தனையும் கையில் இருக்கும். ஆழம்தான் போய்விடும். எந்தப் பொறியாளராலும் அதை மறுபடி எடுத்து அடுக்க முடியாது. தேதி போன கோப்பும் அப்படித்தான்.

பழைய பிளாப்பியோ குறுவட்டோ பென்டிரைவோ வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. கோப்பைத் திறப்பதற்கு முன்பே கோப்புப் பட்டியலைத் தேதியோடு கைபேசியில் படம் எடுங்கள். முடிந்தால் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிளாப்பி முழுவதையும் ஒரே பிம்பமாக எடுத்து வையுங்கள். மூலத்தில் ஒருபோதும் சேமிக்காதீர்கள். யூனிகோடாக மாற்றியதற்கு வேறு பெயர் கொடுங்கள், பெயரிலேயே 1998-07-14 என்பது போல ஆண்டை முன்வைத்து மூலத்தின் தேதியைச் சேருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், பெறுகிறவரிடம் பழைய தேதி போய்ச் சேராது. ஜிப் செய்து அனுப்பினால் மாற்றிய நாள் பிழைக்கும். நிறையக் கோப்பு இருந்தால் ரோபோகாப்பி போன்ற கருவிகள் தேதிகளையும் சேர்த்துப் படியெடுக்கும். குறுவட்டில் எழுதியிருந்தால் பத்திரமாக வையுங்கள். ஒருமுறை எழுதிய வட்டில் தேதியைத் தவறுதலாகக்கூட மாற்ற முடியாது.

போன தேதியைக் கருவி கொண்டு திரும்பப் பொருத்தலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். பொருத்தலாம். எந்தத் தேதியையும் எந்தக் கோப்புக்கும் பொருத்தலாம். அதனாலேயே அது சாட்சி ஆகாது. 1-7-2024 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு தரவேண்டிய சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. கோப்பின் கைரேகை என்று அதைச் சொல்லலாம். ஓர் எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். நீதிமன்றத்துக்குப் போகாத நம் வீட்டுக் கோப்புக்கும் அந்தக் கைரேகையை எடுத்து எழுதி வைப்பது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த முறை மதுரைத் திட்டத்தாருடையது. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய அந்த முயற்சியில், தட்டெழுதியவர் யார், பிழை திருத்தியவர் யார் என்பதும், கோப்பு கடைசியாக எந்த நாளில் திருத்தப்பட்டது என்பதும் நூலோடு சேர்த்தே எழுத்தாக இருக்கும். டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு அவர்களும் மாறினார்கள். கடைசி ஓலையில் நாள் போட்டவரின் கை அங்கே தொடர்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

ஐயாவின் நூல் அச்சுக்குப் போகிறது. ஊர்ப்பெயர்க் கட்டுரையின் இரண்டு வடிவங்களையும் எதிரெதிர்ப் பக்கங்களில் போடுகிறோம். இடப்பக்கத்தின் தலையில், சேமித்தது 1999 பிப்ரவரிக்குப் பின் என்று இருக்கும். வலப்பக்கத்தில் எழுதிய நாள் என்ற சொல்லுக்கு எதிரே இடம் வெறுமையாக இருக்கும். பக்கத்தின் கீழே, 2009 ஜூலையில் அதை மாற்றியவன் நான் என்று என் பெயரோடு ஒரு குறிப்பு இருக்கும்.

ஐயா எழுதியதை அச்செடுத்து மாணவர்களுக்கு அஞ்சலில் அனுப்புவார் என்று கேள்விப்பட்டேன். உங்களில் யாரிடமாவது, கல்வெட்டுச் சான்று இல்லாமல் பொருள் சொல்லக்கூடாது என்று தொடங்கும் அந்தத் தாள்கள் பரணில் கிடந்தால் எடுத்து வாருங்கள். உறை கிழிந்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அஞ்சல் முத்திரையில் நாள் இருக்கும்.